வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி: பழைய கதை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில், கொழும்பின் தென் கடலோரத்தில் வெள்ளவத்தை–கல்கிசை என்று ஒரு பாராளுமன்றத் தொகுதி இருந்தது. 1947, 1952, 1956 என்று மூன்று பொதுத் தேர்தல்களைத்தான் அது கண்டது. 1960 மார்ச் தேர்தலுக்கு வரும்போது அந்தப் பெயரே பட்டியலில் இல்லை. இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஒரு தொகுதியைப் பற்றி, தேர்தல் நெருங்கும் போதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் சொல்லப்படும் பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைய வெள்ளவத்தையைத் தூக்கிக்கொண்டுபோய் 1947க்குள் வைப்பதுதான் தாய்ப்பிழை, மற்றவற்றில் பாதி அதன் பிள்ளைகள்.

"வெள்ளவத்தை தமிழ்த் தொகுதி, நாங்கள்தான் விட்டுவிட்டோம்" என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. அரச உத்தியோகத்துக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தவர்கள் அன்றும் அங்கே இருந்தார்கள், கொழும்புத் தமிழ்ச் சங்கம்கூட 1942இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் காலி வீதியின் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகை, ஒழுங்கைக்கு ஒழுங்கை மாடிவீடு என்று இன்று நாம் காணும் வெள்ளவத்தை, பெரும்பாலும் 1983க்குப் பிறகு போர்க்காலத்தில் உருவானது. தவிர, அந்தத் தொகுதியின் மற்றப் பாதி கல்கிசை. அதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, யார் வென்றது? 1947இலும் 1956இலும், ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கியின் வழிவந்த இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வா. இடையில் 1952இல் தோற்றார். அந்த வருடம் மார்ச்சில் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க இறந்து, அவருக்குப் பின் வந்த மகன் டட்லி சேனநாயக்க மே மாதமே தேர்தலுக்குப் போய், ஐக்கிய தேசியக் கட்சிக்குக் காற்று பலமாக வீசிய நேரம். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் "1947 முதல் 1960 வரை கொல்வின்" என்று ஒரே கோடாகப் போட்டுவிடுகிறார்கள்.

அவர் 1947இல் லங்கா சமசமாஜக் கட்சியில் நின்றார் என்று எழுதுவதும் பிழைதான், பிழை விடுபவர்களில் படித்தவர்களும் உண்டு. அப்போது சமசமாஜிகள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் சமசமாஜக் கட்சியில், கொல்வின் போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சியில். அந்தத் தேர்தலில் முதலாவதுக்கு 10 ஆசனம், இரண்டாவதுக்கு 5. இரண்டும் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1950இல். அந்தக் கணக்கை ஒன்றாகக் கூட்டி 1947க்குப் போட்டால் அந்தத் தேர்தலின் படமே மாறிவிடும்.

"நடுத்தர வர்க்கத்துக் கடலோரப் புறநகர் எப்படி ஒரு ட்ரொட்ஸ்கியவாதியை அனுப்பியது?" என்று ஆச்சரியப்படுபவர்கள் ஆலையை மறந்துவிடுகிறார்கள். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை ஒரு காலத்தில் கொழும்பின் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று. அதன் காணியில்தான் இன்று ஹெவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கின்றன, அந்தப் பக்கம் போகும் பலருக்கு இது தெரியாது. 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களில் சிங்களவரும் இருந்தார்கள், மலையாளிகள் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக இருந்த ஏ.ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார், முன்னின்று நடத்தியது கொல்வினும் அவருடைய இளம் தோழர்களும். சமசமாஜக் கட்சியே 1935 டிசம்பரில்தான் பிறக்கிறது, அதற்கும் இரண்டு வருடம் முந்திய கதை இது. பிறகு போர்க்காலத்தில் சிறை, 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனது என்று எல்லாம் முடிந்து அவர் 1947இல் வந்து நிற்கும்போது, இந்தப் பகுதிக்கு அவர் புதுமுகம் இல்லை. இதை விட்டுவிட்டு 1947 வெற்றியை விளக்கப் போனால் "ஏதோ அலை" என்றுதான் முடிக்க வேண்டிவரும்.

1956க்கு வருவோம். பண்டாரநாயக்கவின் அலையில் கொல்வினும் சேர்ந்து வென்றார், ஆகவே அந்த அரசாங்கத்தின் ஆள் என்று ஒரு கதை உலாவுகிறது. அது முழுக்கச் சரியில்லை. பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணியும் சமசமாஜக் கட்சியும் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்தது உண்மை. ஆனால் தேர்தலுக்குப் பின் 14 ஆசனங்களோடு சமசமாஜிகள் எதிரணியில் உட்கார்ந்தார்கள், என்.எம். பெரேரா எதிர்க்கட்சித் தலைவர். தனிச் சிங்களச் சட்ட விவாதத்தில் "இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு" என்ற பொருளில் கொல்வின் பேசியது, நம் மேடைகளில் இன்றைக்கும் எடுத்துச் சொல்லப்படும் அந்தப் பேச்சு, வெள்ளவத்தை–கல்கிசை உறுப்பினராக இருந்தபோதுதான்.

இதோடு ஒட்டி வரும் குழப்பம் 1972 அரசியலமைப்பு. அதை முன்னின்று உருவாக்கிய அமைச்சரும் அதே கொல்வின்தான். பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் அரசியலமைப்பிலேயே அரச கரும மொழி, அதற்கு முந்திய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு போனது, எல்லாம் அதில். தமிழர்களுக்கு அந்தக் கசப்பு நியாயமானது, நானும் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் "வெள்ளவத்தை எம்.பி. எங்களுக்குச் செய்த துரோகம்" என்று எழுதாதீர்கள். 1972இல் வெள்ளவத்தை–கல்கிசை என்று ஒரு தொகுதியே இல்லை. அவர் 1967 இடைத்தேர்தலில் அகலவத்தையில் வென்று, 1970இலும் அங்கிருந்தே வந்தவர். அகலவத்தை களுத்துறை மாவட்டம். கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், முகவரியை மாற்றிப் போடாதீர்கள்.

எல்லை விஷயம்தான் அடுத்த சிக்கல். தொகுதி, மாநகர சபை, தபால் வலயம், பொலிஸ் பிரிவு இவை நான்கும் நான்கு வேறு கோடுகள். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள், கொழும்பு 6. கல்கிசை அந்த மாநகர எல்லைக்கு வெளியே, இன்று தெஹிவளை–கல்கிசை மாநகர சபையின் கீழ். பழைய தொகுதியோ இந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நின்றது. ஆகவே மாநகர சபை வட்டாரக் கணக்கை எடுத்து வாக்காளர் தொகையை ஊகிக்கக் கூடாது. 1959 எல்லை நிர்ணயத்தில் தொகுதிகள் பெருகி, தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 95இலிருந்து 151 ஆனபோது, இந்தச் சோடி பிரிந்தது. கல்கிசை தெஹிவளையோடு சேர்ந்தது. 1977 தேர்தலுக்கு முன் மறுபடி வெட்டினார்கள், தெஹிவளை ஒரு தொகுதி, இரத்மலானை ஒரு தொகுதி. ஐக்கிய தேசியக் கட்சியின் லலித் அத்துலத்முதலி 1977இல் வந்தது இரத்மலானையிலிருந்து. இந்த வரிசை தெரியாமல் 1956 முடிவையும் 1977 முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "மக்கள் மனம் மாறிவிட்டது" என்று சொன்னால், மாறியது மனமா எல்லையா என்று யாராவது கேட்பார்கள்.

அப்புறம் பக்கத்துத் தொகுதிகளோடு ஒப்பிடும் பழக்கம். கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. 1947இல் ஏ.ஈ. குணசிங்க, டி.பி. ஜாயா, பீட்டர் கெனமன் மூவரும் அங்கிருந்து வந்தார்கள். அங்கே ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு, வேண்டுமானால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். ஆகவே அங்கே விழுந்த வாக்குகளின் கூட்டுத்தொகையும் வாக்களித்த ஆட்களின் தொகையும் ஒன்றல்ல. வெள்ளவத்தை–கல்கிசை ஓர் உறுப்பினர் தொகுதி. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு "அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவுதானா" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

திகதி எழுதும்போதும் கவனம். 1947 தேர்தல் ஓகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 20 வரை பல நாட்களாகப் பிரித்து நடந்தது. 1952உம் 1956உம்கூட ஒரே நாளில் நடக்கவில்லை. நாடு முழுக்க ஒரே நாளில் வாக்களித்தது 1960 மார்ச் 19இல்தான். "1947 தேர்தல் தினத்தன்று" என்று தொடங்கும் வசனத்தைக் கண்டால் நான் மேலே வாசிப்பதில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்று, சிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி வருகிறது. சமசமாஜி எட்மண்ட் சமரக்கொடி தெஹிவளை உறுப்பினராக இருந்தார் என்று எழுதுவார்கள். அவர் 1952இலும் 1956இலும் இருந்தது தெஹியோவிட்டவில், கேகாலை மாவட்டத்தில். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இறுதியாக, இந்தத் தொகுதிமுறை எப்போது முடிந்தது என்ற கேள்வி. பலர் 1978 என்று எழுதிவிடுகிறார்கள். விகிதாசார முறையை 1978 அரசியலமைப்பு கொண்டுவந்தது உண்மை. ஆனால் 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் 1977 பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், தொகுதிவாரியாகத் தெரிவானவர்களின் சபைதான் 1988 டிசம்பர் வரை இருந்தது. 1983 மே மாதத்தில் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல்கூட நடந்தது. புது முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15. இன்று தெஹிவளை, இரத்மலானை என்று முடிவு அறிவிப்பதைக் கேட்டு அவை தனித்தனி உறுப்பினரை அனுப்புகின்றன என்று நினைக்க வேண்டாம். கொழும்பு மாவட்டத்துக்குள் வாக்கு எண்ணும் 15 பிரிவுகளில் அவை இரண்டு, அவ்வளவுதான்.

எழுதத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் எல்லை நிர்ணய வர்த்தமானியைப் பாருங்கள், பிறகு ஹன்சார்ட் என்னும் பாராளுமன்ற விவாதப் பதிவு, பிறகு அந்தந்த மாத வீரகேசரி, தினகரன். இந்தக் காலப் பத்திரிகைகளையும் வர்த்தமானிகளையும் தேட தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம், கொழும்பு 7இல் பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. வர்த்தமானியை முதலில் பார்க்கச் சொல்வது ஏனென்றால், எந்த ஒழுங்கை எந்தப் பக்கம் என்று தெரியாமல் பத்திரிகைச் செய்தியை வாசித்தால் வெள்ளவத்தைக் கூட்டம் எது, பக்கத்துத் தொகுதியான கொழும்பு தெற்கின் கூட்டம் எது என்றே பிடிபடாது.