ட்ரைவால் அடிக்கும் முன்

வீடு வாங்கிய கையோடு நம்மவர் பலருக்கு அடுத்து வரும் யோசனை பேஸ்மென்ட். இரண்டு அறையும் ஒரு குளியலறையும் போட்டால் அம்மா அப்பா வரும்போது தங்குவார்கள், இல்லையென்றால் வாடகைக்காவது விடலாம். கனடாவில் டொராண்டோ பக்கம், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இந்த வேலை நடக்காத தெரு குறைவு. புதிதாக வந்தவர்கள் அதில் தடுக்கி விழும் இடம் மின்சார வேலை. குறிப்பாக, சுவரை மூடுவதற்கு முன் நடக்கும் ரஃப்-இன் பரிசோதனை.

ஒன்ராறியோவில் வீட்டு வயரிங்கைப் பரிசோதிப்பது நகரசபை இல்லை. எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதாரிட்டி, சுருக்கமாக ஈஎஸ்ஏ. நகரசபையின் கட்டட பெர்மிட் தனி, இது தனி. நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டில் உங்கள் கையால் வயரிங் செய்யலாம். ஆனால் வேலை தொடங்கும் முன், அல்லது தொடங்கி 48 மணி நேரத்துக்குள், ஈஎஸ்ஏக்கு அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் உரிமம் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்தான். அவருடைய உரிம எண் எஸ்டிமேட்டிலும் வண்டியிலும் இருக்கும். "பெர்மிட்டை உங்கட பேரிலேயே எடுங்கோ, நான் மலிவாச் செய்து தாறன்" என்று யாராவது சொன்னால் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான் சொந்தமாகத்தான் செய்தேன். கூடமாட உதவ மச்சான் வந்தார். ஊரில் பல வருடம் வயரிங் செய்தவர், கை அவ்வளவு சுத்தம். முதல் நாளே, பிளக் மாட்டும் ஒரு பெட்டியில் கறுப்பு வயர்களையெல்லாம் நியூட்ரல் என்று சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். அவர்மேல் பிழையில்லை, அவர் பழகிய காலத்தில் ஊரில் கறுப்பு நியூட்ரல், சிவப்பில் கரண்ட். இங்கே கறுப்பில்தான் கரண்ட். வெள்ளை நியூட்ரல், உறையில்லாத செம்புக் கம்பி எர்த். பழைய வீடுகளில் சுவிட்சுக்குப் போகும் வெள்ளையிலும் கரண்ட் இருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பாமல் டெஸ்டரை நம்புங்கள். இன்னொன்று: பானலில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) மெயின் பிரேக்கரை அணைத்தாலும் வெளியிலிருந்து வரும் தடித்த வயர்கள் செத்துப்போவதில்லை. அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது.

சரி, இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்கிறார்? நாளைக்கு ட்ரைவாலுக்குப் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை) பின்னால் மறையப்போவதைத்தான். அதனால் வயர் முழுக்க இழுத்து, பெட்டிகள் எல்லாம் அடித்து, எர்த் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துப் பெட்டியின் திருகில் முடுக்கியிருக்க வேண்டும். பிளக், சுவிட்ச், லைட் எதையும் அப்போது மாட்ட வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் குறைந்தது 150 மில்லிமீட்டர் வயர் விட்டு வையுங்கள். சிக்கனம் பார்த்துக் குட்டையாக வெட்டினால் பிறகு பிளக் மாட்டும்போது நீங்களே உங்களைத் திட்டுவீர்கள். ட்ரைவால் அரை அங்குலத் தடிப்பு என்றால் பெட்டியின் விளிம்பும் ஸ்டட்டை (சுவரின் நிமிர்ந்த மரச்சட்டம்) விட்டு அரை அங்குலம் வெளியே நிற்க வேண்டும்.

ஸ்டட்டில் துளை போடும் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஊரில் கல்சுவரைக் கொத்திக் குழாய் பதிப்போம். ஆணி உள்ளே போய் வயரைத் தொடுவது அரிது. இங்கே மரச்சட்டம், அதன்மேல் வெறும் பலகை. வயருக்கும் ஸ்டட்டின் விளிம்புக்கும் நடுவே 32 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு இரும்புத் தகடு அடிக்க வேண்டும். எனக்கு இன்ஸ்பெக்டர் எழுதித் தந்த மூன்று குறைகளில் இரண்டு இதுதான். சில்லறைக் காசுத் தகடு! மூன்றாவது, ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் கிளிப் அடிக்காதது. பெட்டியிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள் ஒன்று, அதன்பின் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று வர வேண்டும். அதற்காக உறை நசுங்கும்படி ஓங்கி அடித்துவிடாதீர்கள்.

வயர் வாங்கும்போது உறையின் நிறம் உதவும். 15 ஆம்ப் பிரேக்கருக்கு வெள்ளை உறை (வயரின் தடிப்பு 14 கேஜ்), 20க்கு மஞ்சள் (12 கேஜ்), 30க்கு ஆரஞ்சு (10 கேஜ்). 20 ஆம்ப் பிரேக்கரில் வெள்ளை உறையைக் கண்டால் இன்ஸ்பெக்டர் விடமாட்டார். பிளக் இடைவெளிக்கும் கணக்கு உண்டு: அறைச் சுவரில் எந்த இடத்தில் நின்றாலும் 1.8 மீட்டருக்குள் ஒரு பிளக் இருக்க வேண்டும். 900 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள துண்டுச் சுவருக்கும் ஒன்று.

இன்சுலேஷனைப் பற்றி ஒரு சண்டை. குளிர் தொடங்குகிறது என்று ஒரு பக்கச் சுவரை மட்டும் அடைத்து பிளாஸ்டிக்கும் விரித்துவிட்டோம். இன்ஸ்பெக்டர் அந்தச் சுவரை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார், கோபப்படவும் இல்லை. "இதைக் கழற்றி வையுங்கள், திரும்ப வருகிறேன்" என்றார். ஒரு சனிக்கிழமை போனது. இரண்டாவது வருகைக்குத் தனியாகக் காசும் போனது. அப்புறம் மச்சானும் நானும் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை.

அனுமதி கிடைத்த அன்றே, மூடுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். என் சின்னவள் அறையில் டிவி மாட்டத் துளை போடும்போது அந்தப் படத்தைத்தான் தேடினேன். வயர் இருந்தது, நான் குறித்த இடத்துக்கு நான்கு விரல் இடப்பக்கம்.