பைத்தானில் வரைகலை இடைமுகம்: திரும்பத் திரும்ப நேரும் தவறுகள்

பைத்தானில் சிறு நிரல்கள் எழுதிப் பழகியவர் முதன்முதலாக ஒரு சாளரத்தை உருவாக்க உட்காரும்போது, மனத்தில் பழைய கணக்கு ஒன்று இருக்கும்: நிரல் முதல் வரியில் தொடங்கும், கடைசி வரியில் முடியும். கட்டளைத் திரைக்கு அந்தக் கணக்கு சரி. சாளரம் வந்ததும் அது பொய்த்துவிடுகிறது. பைத்தானின் வரைகலை நூலகமான டிகிண்டரில் 'மெயின்லூப்' என்று ஒரு வரி எழுதுகிறோமே, அந்த வரியோடு ஓட்டம் நம் கையை விட்டுப் போகிறது. பொத்தானை அழுத்துவது, விசையைத் தட்டுவது, சாளரத்தை இழுப்பது என எல்லாமே நிகழ்வுகளாக வரிசையில் சேர்கின்றன. நிகழ்வுச் சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய செயற்கூறை (ஃபங்ஷனை) அழைக்கிறது. நாம் எழுதியது, அழைக்கப்படும்போது மட்டும் ஓடும். கீழே வரும் தவறுகளில் பல, இதை மறப்பதால் நேர்பவை.

டிகிண்டரையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். பைத்தானோடு சேர்ந்தே வருவதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் மட்டும் அது தனித் தொகுப்பு. அங்கே 'டிகிண்டர் இல்லை' என்று பிழை வந்தால், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் 'பிப்' வழியாகத் தேடி அலைய வேண்டாம். வழங்கலின் தொகுப்பு மேலாளர் மூலம் நிறுவினால் போதும். கியூட்டி என்ற வரைகலைக் கருவித்தொகுப்பைப் பைத்தானுக்குக் கொண்டுவரும் பைக்யூட்டி, பைசைடு ஆகியவை வேறுபடும் இடங்களில் அவற்றையும் தொட்டுச் செல்கிறேன்.

உறைந்துபோகும் சாளரம்

பொத்தானை அழுத்தியதும் ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானுக்குரிய செயற்கூறுக்குள்ளேயே பதிவிறக்கத்தை எழுதிவிடுகிறோம். அழுத்தியவுடன் சாளரம் கல்லாகிவிடுகிறது. நகர்த்த முடியாது, மூட முடியாது. விண்டோஸாக இருந்தால் 5 விநாடிகள் வரை பார்த்துவிட்டு, தலைப்புப் பட்டையில் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடும். நிரல் செத்துவிடவில்லை. நம் செயற்கூறு முடிந்து திரும்பினால்தான் நிகழ்வுச் சுழல் அடுத்த நிகழ்வை எடுக்க முடியும். அதுவரை சாளரத்தைத் திரும்ப வரைவதற்குக்கூட ஆள் இல்லை. 'டைம்' தொகுதியின் 'ஸ்லீப்', முடிவில்லாத 'வைல்' மடக்கு, மெதுவான இணைய அழைப்பு என எதை வைத்தாலும் விளைவு ஒன்றே.

விநாடிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் புதுப்பிப்பது போன்ற சிறு வேலைகளுக்கு 'ஆஃப்டர்' இருக்கிறது. இத்தனை மில்லி விநாடி கழித்து இந்தச் செயற்கூறை அழை என்று சொல்லிவிட்டு அது உடனே திரும்பிவிடும். கடிகாரத்தைப் புதுப்பிக்கும் செயற்கூறு, தன் வேலை முடிந்ததும் 1000 மில்லி விநாடிக்குப் பின் தன்னையே மறுபடி அழைக்கும்படி ஏற்பாடு செய்தால், மடக்கே தேவையில்லை. 'ஆஃப்டர்' திருப்பித் தரும் அடையாளத்தைச் சேமித்து வைப்பது நல்லது. சாளரத்தை மூடும்போது அதைக் கொண்டு நிலுவையில் உள்ள அழைப்பை ரத்து செய்யாவிட்டால், அழிந்துபோன விட்ஜெட்டை (பொத்தான், லேபிள் போன்ற திரை உறுப்பை)த் தொட முயன்று, மூடும் தருணத்தில் பிழைச்செய்தி வரக்கூடும்.

உண்மையிலேயே நீண்ட வேலைக்குத் தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னோர் ஓட்டம்) வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது: த்ரெட்டுக்குள் இருந்தே லேபிளின் எழுத்தை மாற்றுவது. சில சமயம் அது வேலை செய்துவிடும், அதுதான் ஆபத்து. சோதிக்கும்போது பத்திரமாக ஓடி, வேறொரு கணினியில் காரணம் தெரியாமல் தொங்கும். டிகிண்டரோ கியூட்டியோ, விட்ஜெட்டுகளை முதன்மை த்ரெட் மட்டுமே தொட வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். த்ரெட் தன் முடிவை 'கியூ' தொகுதியின் வரிசை ஒன்றில் போடட்டும். முதன்மைப் பக்கத்தில் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'ஆஃப்டர்' மூலம் அந்த வரிசையைக் காத்திராமல் எட்டிப் பார்த்து, ஏதாவது இருந்தால் திரையில் காட்டலாம். கியூட்டியில் இந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. வேலை செய்யும் த்ரெட்டிலிருந்து ஒரு சிக்னலை (ஏதோ நடந்தது என்று அறிவிக்கும் செய்தியை) அனுப்பினால், பெறும் பொருள் முதன்மை த்ரெட்டைச் சேர்ந்ததாக இருக்கும்பட்சத்தில், கியூட்டியே அதை அங்கே வரிசையில் சேர்த்துவிடும்.

த்ரெட் போட்டும் சாளரம் திக்கித் திணறுகிறது என்றால், உள்ளே நடப்பது தூய கணக்கீடா என்று பாருங்கள். வழக்கமான பைத்தானில் உலகளாவிய பூட்டு ஒன்று இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் நிரலை இயக்க முடியும். இணையத்துக்காகக் காத்திருக்கும் த்ரெட் அந்தப் பூட்டை விட்டுக்கொடுக்கும். எண்களை அரைக்கும் த்ரெட் அவ்வளவு தாராளம் காட்டாது. அத்தகைய வேலைக்கு, அதைத் தனிச் செயல்முறையில் ஓட்டும் 'மல்டிபிராசசிங்' பொருத்தம்.

பலர் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, மடக்கின் நடுவே 'அப்டேட்' என்று அழைப்பது. சாளரம் உயிர்பெற்றது போலத் தெரியும். ஆனால் அந்த அழைப்பு, நிலுவையில் உள்ள எல்லா நிகழ்வுகளையும் அங்கேயே கையாளும். பயனர் பொறுமையிழந்து அதே பொத்தானை மறுபடி அழுத்தியிருந்தால், முதல் வேலை முடியாமலே இரண்டாவது வேலை அதன் வயிற்றுக்குள் தொடங்கிவிடும். திரையில் வரைவதை மட்டும் முடுக்க வேண்டுமானால் 'அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்' இருக்கிறது. எந்த வழியில் போனாலும், வேலை நடக்கும்வரை பொத்தானைச் செயலிழக்கச் செய்துவிடுவது நல்ல பழக்கம்.

அடைப்புக்குறியில் சிக்கும் பொத்தான்கள்

'சேமி' என்றொரு செயற்கூறு. அதைப் பொத்தானோடு இணைக்கும்போது, 'கமாண்ட்' என்ற விருப்பத்துக்கு எதிரே 'சேமி()' என்று அடைப்புக்குறியோடு எழுதுகிறார்கள். விளைவு வேடிக்கையானது: நிரல் தொடங்கியதும் யாரும் அழுத்தாமலே சேமிப்பு நடந்துவிடும், பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அடைப்புக்குறி போட்டால் அங்கேயே அழைத்துவிட்டோம். பொத்தானுக்குக் கிடைத்தது அந்த அழைப்பின் விடை. அது பெரும்பாலும் 'நன்' என்ற வெறுமை. 'ஆஃப்டர்' அழைப்பிலும் இதே தவறு நேரும். கியூட்டி இதைப் பொறுத்துக்கொள்வதில்லை; 'கனெக்ட்' செய்யும் வரியிலேயே வகைப்பிழை காட்டிவிடும்.

மதிப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டுமானால், பெயரில்லாச் சிறு செயற்கூறான 'லாம்டா' கைகொடுக்கும். மடக்குக்குள் லாம்டா எழுதினால் மட்டும் எச்சரிக்கை தேவை. 0 முதல் 4 வரை ஐந்து பொத்தான்களை உருவாக்கி, ஒவ்வொன்றும் தன் எண்ணைக் காட்டும்படி எழுதினால், ஐந்துமே 4 என்று சொல்லும். லாம்டா மாறியின் மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை. அழுத்தும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அப்போது மடக்கு முடிந்து, மாறி 4-இல் நிற்கிறது. மாறியை லாம்டாவின் இயல்புநிலை அளபுருவாகக் கொடுத்தால் அந்த நொடியின் மதிப்பு பதிந்துவிடும். 'ஃபங்க்டூல்ஸ்' தொகுதியின் 'பார்ஷியல்' இன்னும் தெளிவானது.

டிகிண்டரில் கற்ற அந்த இயல்புநிலை உத்தியை அப்படியே பைக்யூட்டிக்குக் கொண்டு போனால் புதிய புதிர் ஒன்று முளைக்கும். அங்கே 'கிளிக்டு' சிக்னல், பொத்தான் குறியிடப்பட்டதா என்ற உண்மை-பொய் மதிப்பு ஒன்றையும் சேர்த்தே அனுப்புகிறது. அது நேராக வந்து நம் அளபுருவின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எண்ணுக்குப் பதிலாக 'ஃபால்ஸ்' வருகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மதிப்புக்கென்று முதலில் ஓர் அளபுருவை ஒதுக்கிவிட்டு, நம்முடையதை இரண்டாவதாக வையுங்கள்.

டிகிண்டரிலும் இதன் உறவுக்காரர் உண்டு: 'பைண்ட்' மூலம் இணைத்த செயற்கூறுக்கு நிகழ்வுப் பொருள் ஒன்று வரும், 'கமாண்ட்' மூலம் இணைத்தால் வராது. ஒரே செயற்கூறை இரண்டுக்கும் பயன்படுத்த, நிகழ்வு அளபுருவுக்கு 'நன்' என்று இயல்புநிலை கொடுத்துவிட்டால் போதும்.

படம் ஏன் காணவில்லை?

ஒரு செயற்கூறுக்குள் படத்தை ஏற்றி லேபிளில் வைக்கிறோம். படத்தின் அளவுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது, படத்தைக் காணோம். பிழைச்செய்தியும் இல்லை. டிகிண்டர் என்பது டிக்கிள் மொழியின் டிகே கருவித்தொகுப்பின் மேல் போர்த்திய மேலுறை. படத்தைத் திரையில் காட்டுவது டிகே. அதன் பைத்தான் பொருளைக் கணக்கில் வைத்திருப்பது பைத்தான். செயற்கூறு முடிந்ததும் அதன் உள்மாறிகள் போய்விடுகின்றன. யாரும் இந்தப் பொருளைச் சுட்டவில்லை என்று கண்டு பைத்தான் அதைத் துடைக்கிறது, துடைக்கும்போது டிகே பக்கத்துப் படத்தையும் அழித்துவிடுகிறது. லேபிள் அதைக் காட்டிக்கொண்டிருப்பது பைத்தானுக்குத் தெரியாது. படத்தை 'செல்ஃப்' பண்பாகவோ லேபிளின் மேலேயே ஒரு பண்பாகவோ சேமித்து வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

கியூட்டியிலும் இதே கதை வேறு வேடத்தில் வரும்: இரண்டாவது சாளரத்தை உள்மாறியில் உருவாக்கிக் காட்டினால், அது மின்னி மறைந்துவிடும்.

பிழைச்செய்தியோடு படம் மறுத்தால் காரணம் வேறு. டிகிண்டரின் 'போட்டோஇமேஜ்' பிஎன்ஜி கோப்புகளைப் படிப்பது டிகே 8.6 முதல்தான், ஜேபெக் கோப்புகளுக்கு 'பில்லோ' நூலகம் தேவை. 'பைஇமேஜ்1 இல்லை' என்ற விசித்திரமான செய்தி வந்தால், நிரலில் முதன்மைச் சாளரத்தை உருவாக்கும் 'டிகே()' இரண்டு முறை அழைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு அழைப்பும் தனி டிக்கிள் இயக்கியைத் தொடங்குகிறது. ஒன்றில் பிறந்த படம் மற்றொன்றுக்குத் தெரியாது. 'ஸ்ட்ரிங்வார்' மாறிகளும் எந்தச் சாளரத்தைச் சேர்ந்தவை என்று சொல்லாவிட்டால் முதல் சாளரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது சாளரத்தின் பெட்டியில் எழுதியது மாறிக்கு வந்து சேராது. கூடுதல் சாளரங்களுக்கு எப்போதும் 'டாப்லெவல்' தான்.

அடுக்குவதில் நேரும் பிழைகள்

உள்ளீட்டுப் பெட்டியை உருவாக்கி, அதே வரியில் அதைச் சாளரத்தில் வைக்கும் 'பேக்' முறையையும் அழைத்து, விடையை மாறியில் வைக்கிறோம். பிறகு அந்த மாறியிடம் 'கெட்' கேட்டால், 'நன்' வகைக்கு அப்படி ஒரு பண்பே இல்லை என்று பதில் வருகிறது. 'பேக்' திருப்பித் தருவது 'நன்'. மாறியில் விழுந்தது அதுவே. உருவாக்குவதை ஒரு வரியிலும் வைப்பதை அடுத்த வரியிலும் எழுதுங்கள். ஒரு வரியை மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை.

ஒரே தாய்ச் சட்டகத்துக்குள் 'பேக்', கட்டங்களில் அடுக்கும் 'கிரிட்' இரண்டையும் கலக்கக் கூடாது. பழைய டிகே பதிப்புகளில் இரண்டும் இடத்துக்காக முடிவின்றிச் சண்டையிட்டு நிரலையே தொங்கவிடும், 8.6 பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. வெவ்வேறு சட்டகங்களுக்குள் வெவ்வேறு முறை இருக்கலாம். சாளரத்தைப் பெரிதாக்கினால் உள்ளே இருப்பவை மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கின்றனவா? 'கிரிட்' நெடுவரிசைகளின் இயல்பான எடை 0. கூடுதல் இடத்தில் அவற்றுக்குப் பங்கில்லை. 'காலம்கான்ஃபிகர்', 'ரோகான்ஃபிகர்' மூலம் எடை 1 கொடுத்து, விட்ஜெட்டுக்கு 'ஸ்டிக்கி' திசைகளையும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு, பலனில்லை என்று கைவிடுபவர்கள் அதிகம்.

பெயர்களும் வம்பு செய்யும். கோப்புக்கே 'டிகிண்டர்' என்று பெயரிட்டால் பைத்தான் உண்மையான நூலகத்தை விட்டு அந்தக் கோப்பையே இறக்கிக்கொள்ளும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இறக்கினால், டிகிண்டரின் 'பட்டன்' மீது, அதன் துணைத்தொகுதியான டிடிகேயின் 'பட்டன்' வந்து உட்காரும். நேற்று வரை ஏற்றுக்கொண்ட பின்னணி நிற விருப்பத்தை இன்று அறியேன் என்று சொல்லும். டிடிகே விட்ஜெட்டுகளின் நிறம் 'ஸ்டைல்' வழியாகத்தான் மாறும். உள்ளீட்டுப் பெட்டி தருவது எப்போதும் சரம். எண்ணாக மாற்றும்போது பயனர் வெறுமையாக விட்டிருக்கவும் கூடும் என்பதை எதிர்பாருங்கள். பல வரி 'டெக்ஸ்ட்' பெட்டியில் வரிகள் 1-இல் தொடங்கும், நெடுவரிசைகள் 0-இல் தொடங்கும். இறுதிவரை எடுத்தால் கேட்காத ஒரு புதுவரிக் குறியும் கூடவே வரும்.

சத்தமில்லாத பிழைகள்

பொத்தானின் செயற்கூறுக்குள் பிழை நேர்ந்தால் டிகிண்டர் அதைக் கட்டளைத் திரையில் அச்சிட்டுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் சுழலைத் தொடரும். விண்டோஸில் கட்டளைத் திரை இல்லாமல் இயக்கும்போது அந்த அச்சு யார் கண்ணிலும் படாது. 'ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன்' என்ற முறையை மாற்றியெழுதி, பிழையைப் பதிவுக் கோப்பில் எழுதவும் ஒரு செய்திப் பெட்டியில் காட்டவும் செய்யுங்கள். எந்தத் திட்டத்திலும் நான் முதல் நாளே செய்யச் சொல்வது இதைத்தான். பைக்யூட்டி எதிர்த் துருவம்: 5.5 பதிப்பு முதல், கையாளப்படாத பிழை நிரலையே முடித்துவிடுகிறது. அங்கே 'சிஸ்' தொகுதியின் 'எக்ஸெப்ட்ஹுக்'கை அமைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தவர் கணினியில்

உங்களிடம் ஓடிய நிரல் இன்னொருவரிடம் படங்கள் இல்லாமல் திறந்தால், பாதையைச் சந்தேகியுங்கள். வெறும் கோப்புப் பெயர், நிரல் இருக்கும் கோப்புறையில் தேடப்படுவதில்லை. எந்தக் கோப்புறையில் நின்று இயக்கினார்களோ அங்கே தேடப்படுகிறது. நிரல் கோப்பின் சொந்த இருப்பிடத்திலிருந்து 'பாத்லிப்' கொண்டு முழுப் பாதையை அமையுங்கள். பைஇன்ஸ்டாலர் மூலம் ஒற்றைக் கோப்பாகக் கட்டும்போது, படங்களையும் சேர்க்கும்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; அது தானாக ஊகிக்காது.

அடர்ந்த திரைகளில் விண்டோஸ் சாளரத்தை நீட்டி, எழுத்துகளை மங்கலாக்கிக் காட்டும். சாளரத்தை உருவாக்கும் முன்பே 'சிடைப்ஸ்' வழியாக, இந்த நிரலுக்குத் திரை அடர்த்தி தெரியும் என்று அறிவித்துவிட்டால் கூர்மை திரும்பும்.

இடைமுகம் தமிழில் இருக்கப் போகிறது என்றால், லினக்ஸில் ஒருமுறை கட்டாயம் திறந்து பாருங்கள். அங்கே டிகே 8.6 எழுத்துகளின் குறிகளைச் சேர்த்தமைக்கும் வேலையைச் செய்வதில்லை. 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. கியூட்டி அந்த வேலையை ஹார்ஃப்பஸ் நூலகத்திடம் விடுவதால் தமிழ் ஒழுங்காக வரும். தமிழே முதன்மை என்றால் தொடக்கத்திலேயே பைசைடு அல்லது பைக்யூட்டியைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.