மணக்குடி அலையாத்தி மரத்துல டிஎன்ஏவுக்கு இலை எடுக்குறது எப்படி

டிஎன்ஏ வேலைன்னா எல்லாமே லேப்லதான்னு நம்ம காலேஜ் பிள்ளைங்க நிறைய பேரு நினைக்காங்க மக்களே, ஆனா பாதி வேலை கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி சகதியில நிக்கும்போதே முடிஞ்சிரும், அங்க தப்பா எடுத்துட்டு வந்த இலைய எந்த மெஷின்ல போட்டாலும் ஒண்ணும் தேறாது.

முதல்ல பெர்மிஷன். அந்த இடம் சுசீந்திரம் தேரூர் மணக்குடி கன்சர்வேஷன் ரிசர்வ்ல வருது, அதனால ஹெச்ஓடி கையெழுத்தோட வனத்துறைக்கு லெட்டர் குடுத்து அனுமதி வாங்காம ஒரு இலை கூட கிள்ளாதீங்க. அப்புறம் பொழி, அதாவது ஆறு கடல்ல சேருற வாய், திறந்திருக்கா மூடியிருக்கான்னு அந்த ஊர் மீன்பிடிக்கிற அண்ணன்மாருகிட்ட கேட்டுட்டு போங்க, பழையாத்து தண்ணி கடலுக்கு போக வழியில்லாம நின்னா மரத்தடிக்கு போகவே முடியாது.

எதுக்கு இந்த பாடுன்னு கேட்டா, மரத்துக்கு மரம் மரபணு எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு இலையோட டிஎன்ஏ பாத்தாதான் தெரியும். ஒரே தாய்மரத்து பிள்ளைகள வச்சு காடு வளர்த்தா பாக்க பச்சையா இருக்கும், ஆனா ஒரு நோயோ சூடோ வந்தா எல்லாம் ஒண்ணுபோல அடிவாங்கும். கலிஃபோர்னியாவுல போடேகா பேன்னு ஒரு இடத்துல ராண்டல் ஹியூஸும் ஜே ஸ்டாகோவிச்சும் கடற்புல்ல வச்சு இத செஞ்சு பாத்து 2004ல எழுதினாங்க, பல ஜீனோடைப், அதாவது மரபணு வேற வேறயா இருக்க செடிகள கலந்து நட்ட பிளாட்ல காட்டு வாத்து வந்து மேஞ்ச பிறகும் செடி கூடுதலா மிஞ்சிச்சு. பால்டிக் கடல்லயும் 2003 வெயில் காலத்துல அதே கடற்புல்லு கலப்பா நட்ட இடத்துலதான் நல்லா தாக்குப்பிடிச்சுது. நம்ம ஊர்ல சுனாமிக்கு அப்புறம் அலையாத்தி நடுறத பத்தி எல்லாரும் பேசுறோம், விதை எத்தனை மரத்துல இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல, கேக்கணும்.

இப்ப இலைக்கு வருவோம். சுரபுன்னைங்குற அலையாத்தி வகைக்கு விதை மரத்துலயே முளைச்சு முருங்கைக்காய் மாதிரி தொங்கும், விழுந்தா கொஞ்சம் மிதந்து போகும், கொஞ்சம் தாய்க்கு கீழயே குத்தி நிக்கும். அதனால ஒரு மரத்தடியில நிக்கிற சின்ன கன்னுகள எல்லாம் எடுத்தா ஒரே குடும்பத்தத்தான் திரும்பத் திரும்ப எண்ணுவீங்க. ஒரு மரம் எடுத்தா அடுத்தது 10, 20 மீட்டராவது தள்ளி எடுங்க, கரைக்கு ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு பரவலா. ஒரு இடத்துக்கு 30 மரம் கிடைச்சா நல்லது. வரிசையா நட்டதா, தானா வந்ததான்னும் நோட்ல எழுதணும், இத விட்டுட்டா பின்னாடி ரிசல்ட்ட பாத்து முழிக்கணும்.

முத்தின இலை வேண்டாம், நுனியில இருந்து ரெண்டாவது மூணாவது ஜோடி, பூச்சி கடிக்காதது. அவிசென்னியாங்குற இன்னொரு அலையாத்தி வகையோட இலையில உப்பு பொரிஞ்சு நிக்கும், நாக்குல வச்சா கரிக்கும், அத டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்ச டிஷ்யூ வச்சு துடைச்சு ஈரம் போக ஒத்திருங்க. நடு நரம்ப விட்டுட்டு ரெண்டு மூணு சென்டிமீட்டர் துண்டு கிழிச்சு, காலி டீ பேக்ல போட்டு ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் இருக்க ஜிப்லாக் கவர்ல வைங்க, இலை எடைக்கு 10 மடங்கு ஜெல். அலையாத்தி இலை தடிப்பு, தண்ணி நிறைய இருக்கும், அதனால நீல ஜெல் ரோஸ் கலரானா உடனே மாத்தணும், மறுநாள் இலைய மடக்கினா பட்டுனு ஒடியணும், வளைஞ்சா இன்னும் காயல. ஃப்ரிட்ஜுல வச்சுக்கலாம்னு பச்சையா கொண்டு போறவங்கள பாத்திருக்கேன், அழுகி கறுத்துரும்.

லேபிள் பென்சில்லதான். பேனா மை ஈரத்துலயும் எத்தனால்லயும் கரைஞ்சிரும். நம்பர், ஜிபிஎஸ், தேதி எழுதின சீட்டு ஒண்ணு கவருக்குள்ள, ஒண்ணு வெளிய. ஒவ்வொரு மரத்துக்கும் ரெண்டு கவர் எடுங்க.

லேப்ல இலையில இருந்து டிஎன்ஏவ பிரிச்செடுக்க வழக்கமான சிடாப் (CTAB) முறை போதும், 65 டிகிரி சூட்டுல வச்சு குளோரோஃபார்ம் ஐசோஅமைல் ஆல்கஹால் 24க்கு 1. ஆனா இந்த இலையில டேனின்ங்குற துவர்ப்பு பொருள் ஜாஸ்தி, அதனால பஃபர் கரைசல்ல அத பிடிச்சுக்குற பிவிபி (PVP) சேர்க்கலன்னா டிஎன்ஏ டீத்தண்ணி கலர்ல வரும், டிஎன்ஏவ நகலெடுத்து பெருக்குற பிசிஆர் ஓடாது. எந்த இனம்னு சந்தேகம் வந்தா இனத்த அடையாளம் காட்டுற டிஎன்ஏ பார்கோடான ஆர்பிசிஎல் (rbcL), மேட்கே (matK) ஜீன்கள பாருங்க, மரத்துக்கு மரம் வித்தியாசம் வேணும்னா அது பத்தாது, மைக்ரோசாட்டலைட், அதாவது ஒரே இனத்துக்குள்ளயே ஆளுக்கு ஆள் மாறுற குட்டி டிஎன்ஏ துண்டுகளத்தான் பாக்கணும்.

ரிசல்ட் வந்ததும் தீசிஸ்ல மட்டும் பூட்டி வைக்காதீங்க மக்களே, எந்தெந்த மரம் ஒண்ணுக்கொண்ணு தூரத்து சொந்தம்னு ஒரு பட்டியலும் மேப்பும் போட்டு நர்சரி நடத்துறவங்க கையில குடுங்க, அடுத்த தடவ விதை பொறுக்கும்போது அந்த மரங்கள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்க.