மேசைவிரிப்பில் 830 பெயர்கள்: சகோதர நகரங்களின் கலைப் பரிமாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர் ஓயாத நாட்களில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துப் பெண்கள் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் தைத்தார்கள். மொத்தம் 830 பெயர்கள். கூடவே ஒரு வாசகம்: பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல். அந்தத் துணி சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராடுக்குப் போனது. கவென்ட்ரி 1940 நவம்பர் 14 இரவில் குண்டுவீச்சில் எரிந்த ஊர். ஸ்டாலின்கிராட் 1942-43 சண்டையில் தெருத்தெருவாக இடிந்த ஊர். 1944இல் இரண்டும் சகோதர நகரங்களாயின, அதாவது நட்புறவுக்கு முறைப்படி ஒப்பந்தம் செய்துகொண்ட ஊர்கள். ஸ்டாலின்கிராட் இன்று வோல்கோகிராட். அதன் போர் அருங்காட்சியகத்தில் அந்த விரிப்பு இருக்கிறது.

வெளிநாட்டு நகரம் ஒன்றோடு கலை உறவு தொடங்க நினைப்பவர்களிடம் இந்த விரிப்பைப் பற்றித்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. அங்கே வேலை முன்னால் நடந்தது, விழா பின்னால் வந்தது. பல ஊர்களில் இது தலைகீழ். மேயர்கள் கையெழுத்திடுவார்கள், பரிசுப் பெட்டிகள் கைமாறும், படம் எடுப்பார்கள். விருந்துக்கு முன்னால் இருபது நிமிடம் ஒதுக்கி ஒரு நடனக் குழுவை மேடையேற்றுவார்கள். ஆடியவர்கள் எதிரூரின் நடனக்காரர் ஒருவரோடுகூடப் பேசாமல் விமானம் ஏறுவார்கள். தவறுகளில் பெரியது இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அடுத்தது, செய்துமுடித்த பொருளை மட்டும் அனுப்பிவிட்டு, செய்தவர்களை ஊரிலேயே விட்டுவிடுவது. அமெரிக்காவின் போர்ட்லண்டும் சீனாவின் சுஜோவும் 1988இல் சகோதர நகரங்களாயின. சுஜோ தன் பழம்பெரும் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர். தோட்டங்களின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தி முடித்திருக்கலாம். ஆனால் சுஜோவிலிருந்து 65 கைவினைஞர்கள் போர்ட்லண்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். கட்டடத்துக்கான மரமும் கல்லும் சீனாவிலிருந்தே வந்தன. 2000இல் திறந்த அந்தத் தோட்டத்தின் பெயர் லான் சு. போர்ட்லண்டின் ‘லான்’, சுஜோவின் ‘சு’. எனக்கு அந்தத் தோட்டத்தின் அழகைவிட, அத்தனை மாதங்கள் அவர்கள் அந்த ஊரில் வாழ்ந்து வேலை செய்தார்கள் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. இரண்டு கலைஞர்களை ஒரு மாதம் தங்கவைக்கப் பணமிருந்தால், நாற்பது பேரை மூன்று நாள் அழைத்துப் போகாதீர்கள்.

இனி காகித வேலை. கலை ஆர்வலர்கள் இதை அற்பமாக நினைத்து அடிபடுகிறார்கள். டோக்கியோ மேயர் யுக்கியோ ஒசாக்கி வாஷிங்டனுக்கு 2,000 செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பினார். 1910 ஜனவரியில் வந்திறங்கியதும் பூச்சியியலாளர்கள் சோதித்தார்கள்; வேர்ப்புழுவும் பூச்சிகளும் நிறைந்திருந்தன. ஒரு நகரம் இன்னொரு நகரத்துக்குக் கொடுத்த பரிசு முழுவதையும், அதிபர் டாஃப்ட்டின் ஒப்புதலோடு, எரிக்க வேண்டியதாயிற்று. டோக்கியோ மனம் கசந்து விலகவில்லை. நல்ல ஒட்டுக்கன்றுகளைக் கவனமாக வளர்த்து, 1912இல் 3,020 மரங்களை அனுப்பியது. வாஷிங்டனின் வசந்தத் திருவிழாவே அந்த மரங்களைச் சுற்றித்தான்.

மரத்துக்குப் பொருந்துவது வாத்தியத்துக்கும் பொருந்தும். உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் பறக்கிற கலைஞர், வங்க உடும்பு இந்தியச் சட்டத்திலும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையிலும் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். தந்தப் பதிப்புள்ள பழைய வீணைக்கும் இதே சிக்கல். பதப்படுத்தாத தோல் கட்டிய மத்தளங்களை ஆஸ்திரேலியாவில் கூர்ந்து சோதிப்பார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு வாத்தியமும் எதனால் ஆனது என்று எழுதிவைத்து, போகும் நாட்டின் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்தில் ஒரு கலைஞனின் கையிலிருந்து வாத்தியத்தை வாங்கிவைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

ஆட்களுக்கும் அனுமதி மறுக்கப்படும். கவென்ட்ரியின் புதிய தேவாலயத் திறப்பையொட்டி 1962 மே 30 அன்று இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ என்ற போர் அஞ்சலி இசைப்படைப்பு அரங்கேறியது. இங்கிலாந்து, ஜெர்மனி, சோவியத் ஒன்றியம் என ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு பாடகர் பாடுவதாக ஏற்பாடு. சோவியத் அரசு தன் பாடகி கலினா விஷ்னெவ்ஸ்கயாவை அனுப்பவில்லை. ஹெதர் ஹார்ப்பர் சில நாட்களில் கற்றுக்கொண்டு அந்த இடத்தில் பாடினார். அடுத்த ஆண்டு லண்டனில் ஒலிப்பதிவானபோதுதான் விஷ்னெவ்ஸ்கயா அதில் பாட முடிந்தது. ஒரே ஒருவரின் விசாவை நம்பி நிகழ்ச்சியைக் கட்டுகிறவர்கள், அவர் வராவிட்டால் பாடப்போவது யார் என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்ய வேண்டும்.

கணக்குப் பார்ப்பது இன்னொரு தவறு. நாங்கள் பத்துப் பேரை அனுப்பினோம், அவர்கள் நான்கு பேரைத்தான் அனுப்பினார்கள் என்ற முணுமுணுப்பிலேயே உறவுகள் வற்றிப்போகின்றன. மொய் நோட்டு வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அந்தச் செர்ரி மரங்களையே பாருங்கள். 1915இல் அமெரிக்கா ஜப்பானுக்கு டாக்வுட் பூமரங்களை அனுப்பியது. தாய்மரங்கள் நின்ற அரகாவா ஆற்றங்கரைத் தோப்பு போர்க்காலத்தில் சீரழிந்தபின், 1952இல் வாஷிங்டன் மரங்களிலிருந்தே ஒட்டுக்கட்டைகள் டோக்கியோவுக்குத் திரும்பிப் போயின. கொடுத்தது ஊர் திரும்ப நாற்பது ஆண்டுகள்.

பழைய காயத்தைப் பேசாமல் மூடிவைப்பதும் தவறுதான். கவென்ட்ரி 1959இல் ட்ரெஸ்டனோடு கைகோத்தது. ட்ரெஸ்டன் பிரிட்டிஷ் குண்டுகளுக்கு இரையான ஜெர்மன் நகரம். 1965இல் கவென்ட்ரியிலிருந்து போன இளைஞர்கள் அங்கே குண்டுவீச்சில் இடிந்த மருத்துவமனை ஒன்றைத் திரும்பக் கட்ட மண் சுமந்தார்கள். பிறகு ட்ரெஸ்டனின் ஃப்ரௌவன் தேவாலயம் மீண்டும் எழுந்தபோது, பிரிட்டன் மக்கள் திரட்டிய நிதியில் அதன் உச்சிச் சிலுவை உருவானது. அதைச் செய்த ஆலன் ஸ்மித்தின் தந்தை, அந்த நகரத்தின்மீது குண்டுவீசிய விமானிகளில் ஒருவர். 2004இல் சிலுவை கோபுரம் ஏறியது. என்ன நடந்தது என்பதை இரு தரப்பும் வாய்விட்டுச் சொன்னதால்தான் இது முடிந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவும் ஒசாகாவும் 1957 முதல் சகோதர நகரங்கள். ஜப்பானியப் படையால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக 2017இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சிலை எழுந்தது. நகர நிர்வாகம் அதை ஏற்றது. 2018இல் ஒசாகா மேயர் உறவை முறித்தார். அந்தச் சிலை வைக்கப்பட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். அறுபது ஆண்டு உறவு ஒரு நினைவுச் சின்னத்தைத் தாங்கவில்லையே என்பதுதான் வருத்தம். மேயர் அலுவலகத்துக்கு வெளியேயும், இசைப்பள்ளிக்கும் இசைப்பள்ளிக்கும், நாடகக் குழுவுக்கும் நாடகக் குழுவுக்கும் தனித்தனியாக உறவிருக்கட்டும்.

எண்ணிக்கைக்கு ஆசைப்படுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸ் 1956இல் ரோமோடு இணைந்தது. இன்றுவரை அதற்கு வேறு சகோதர நகரம் கிடையாது.

கடைசியாக, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எதையாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம். 1972இல் குளிர்கால ஒலிம்பிக் ஜப்பானின் சப்போரோவிலும் கோடைகால ஒலிம்பிக் ஜெர்மனியின் மியூனிக்கிலும் நடந்தன. அந்த ஆண்டே இரண்டும் சகோதர நகரங்களாயின. முப்பதாம் ஆண்டையொட்டி 2002இல் சப்போரோவின் ஓதோரி பூங்காவில் மியூனிக் பாணியில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை போட்டார்கள். அது ஒருமுறை விழாவோடு முடியவில்லை. அதே பூங்கா, அதே பருவம் என்று தொடர்ந்ததால் சப்போரோக்காரர்களின் டிசம்பரில் கலந்துவிட்டது. நாளும் இடமும் மாறாத ஒரு சின்ன நிகழ்ச்சியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கான கடிதங்களை இரண்டு ஊரிலும் எழுதப்போகிற ஆள் யார் என்பது, பெயரோடு, ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.