சொன்னேனே, எங்கே சொன்னீங்க?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெங்களூரா ரக மாங்காய் சீசன் வந்துவிட்டால் இரவு பகல் தெரியாது. போன சீசனில் ஒரு நாள் விடியற்காலை, டின் மூடும் மெஷினில் ரோலர் லேசாகத் தளர்ந்திருந்தது. காலை ஷிஃப்ட் தம்பியிடம் "ரோலரைப் பார்த்துடுப்பா" என்று கத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த இரைச்சலில் அவன் காதில் விழுந்தது "பார்த்துட்டேன்பா". மதியத்துக்குள் 40 டின் ஓரம் கசிந்து ஒதுக்கினார்கள்.

"சொன்னேனே!" "எங்கே சொன்னீங்கண்ணா?" ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. தப்பு என் பேரில்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கே நாலு நாள் ஆனது.

அப்புறம் மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். எது கோளாறு, என்ன செய்தேன், என்ன பாக்கி, மூன்றே வரி. வருகிறவர் அதைப் படித்து, நம்மிடம் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. படிக்காமலே கையெழுத்துப் போடுகிற ஆட்கள் உண்டு, நானே போட்டிருக்கிறேன்.

தெலுங்கு பேசும் அக்காக்கள் சிலருக்குத் தமிழ் எழுத வராது. அவர்கள் சுவிட்ச் பெட்டியில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார்கள். என் நோட்டைவிட அதுதான் சட்டென்று கண்ணில் படுகிறது.