பத்தி எழுத்தாளரின் தாள்கள்: பரணிலிருந்து காப்பகம் வரை

பத்திரிகையில் வாரா வாரம் பத்தி எழுதியவரின் தாள்கள் பெரும்பாலும் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ மேசை இழுப்பறையிலோதான் கிடக்கும். மதுரைப் பக்கம் இவற்றுக்கு ஆபத்து மார்கழிக் கடைசியில் வரும். போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது பாதி தீயில் போகும், மீதி பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும். ஆகவே, எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போதே வீட்டாரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும்: எதையும் கழிக்காதீர்கள், எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள்.

இரண்டாவதுதான் யாருக்கும் எளிதில் புரிவதில்லை. நல்ல எண்ணத்தோடு மருமகளோ பேரனோ உட்கார்ந்து கடிதங்களை ஒரு கட்டு, கையெழுத்துத் தாள்களை ஒரு கட்டு, பத்திரிகை நறுக்குகளை ஒரு கட்டு என்று பிரித்து வைத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காப்பகத்துக்கு அது பெரிய இழப்பு. வாசகர் கடிதம், அதைப் படித்துவிட்டு எழுதிய வரைவு, அச்சான நறுக்கு, அதற்கு வந்த மறுப்பு ஆகிய நான்கும் ஒரே டேக்கில் கோர்க்கப்பட்டிருந்தால், அந்தக் கோர்வைதான் செய்தி. பிரித்துவிட்டால் நான்கும் நான்கு பழைய தாள்கள், அவ்வளவுதான்.

எடுப்பதற்கு முன்

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காற்று வறண்டிருக்கும், கத்திரி வெயிலும் தொடங்கியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைக் கட்டினால் ஈரக் காற்றையும் சேர்த்தே கட்டுகிறீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன் இருக்கும் நிலையைப் படம் எடுங்கள். பரண் முழுவதற்கும் ஒரு படம், ஒவ்வொரு மூட்டைக்கும் ஒன்று, மூட்டையைப் பிரித்ததும் மேலிருந்து ஒன்று. ஒவ்வொரு மூட்டைக்கும் எண் கொடுத்து, எங்கே இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: ‘மூட்டை 4, மேசையின் வலது இரண்டாவது இழுப்பறை, மஞ்சப்பையில்’. இழுப்பறையில் இருந்தது கடைசிக் காலத்தில் கைக்கு வேண்டியிருந்தது, பரணில் இருந்தது முடிந்துபோனது என்று பின்னால் ஊகிக்க இந்த ஒரு வரி போதும்.

மூக்கை மூட என்95 முகக்கவசம் வேண்டும். தாளைத் தொடுவதற்குத் துணிக் கையுறை வேண்டாம். விரல் நுனியின் உணர்வு போய்விடும், நொறுங்கும் தாளின் ஓரத்தில் நூல் மாட்டிக் கிழிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையே நல்லது. புகைப்படத்துக்கும் பூஞ்சை பிடித்த தாளுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

பூச்சி, பூஞ்சை, ஈரம்

பழைய நறுக்குகளை அந்தக் காலத்தில் மைதாப் பசை காய்ச்சித்தான் ஒட்டியிருப்பார்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. அதனால் ஒட்டுப் புத்தகங்களை முதலில் பாருங்கள். பக்கத்தின் மேல்தோல் சுரண்டியதுபோல் இருந்தால் ராமபாணம். மண் கோடு தெரிந்தால் கரையான். அந்த மூட்டையை மட்டும் எடுத்தால் போதாது, அது இருந்த சுவரையும் பார்க்க வேண்டும்.

பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டாம். பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, டேப்பால் நன்றாக மூடி, டீப் ஃப்ரீசரில் வைப்பதுதான் பாதுகாப்பான வழி. மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். கடைகளில் உள்ள பெட்டி ஃப்ரீசர் மைனஸ் 18-ல் நின்றால் இரண்டு வாரம். வீட்டு ஃபிரிஜ்ஜின் ஐஸ் அறையை நம்ப வேண்டாம், அடிக்கடி திறப்பதால் குளிர் நிலையாக நிற்காது. வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. உடனே பிரித்தால் மதுரைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்து முத்தாக இறங்கிவிடும். ஃப்ளாப்பி, கேசட், புகைப்படம் ஆகியவற்றை இந்த வழிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குளிரில் பூஞ்சை சாகாது, தூங்கும். பூஞ்சைத் தாளைத் தனியே வைத்து, மின்விசிறியின் காற்று நேரே படாத நிழலில் உலர்த்துங்கள். தொட்டால் ஈஷாமல் பொடியாக உதிரும் நிலை வந்தபிறகு, திறந்த வெளியில், மென்மையான பிரஷ்ஷால் உங்களிடமிருந்து விலகும் திசையில் தட்டிவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் தாள் சுருளும், பேனா மை வெளுக்கும், செய்தித்தாள் அச்சாகும் நியூஸ்பிரிண்ட் ஒரே நாளில் இன்னும் பழுப்பாகும்.

பாச்சை உருண்டையின் ஆவி மனிதருக்குக் கேடு. ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் பூச்சியை அது அழிக்கும் என்று நம்பவும் முடியாது. வேப்பிலையைத் தாளுக்கு நடுவே வைக்கும் பழக்கமும் நல்லதல்ல; இலையின் ஈரமும் கறையும் தாளில் இறங்கும். வசம்பில் நம்பிக்கை உள்ளவர்கள் துணி முடிப்பாகக் கட்டி அலமாரி மூலையில் வைக்கலாம், தாளில் படாமல்.

இரும்பும் பசையும்

குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் மூன்றும் துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும். பின்னைப் பிடுங்கும் கருவியைப் பயன்படுத்தினால் துருப்பிடித்த இடமே துண்டாக வந்துவிடும். தாளுக்கும் பின்னுக்கும் இடையில் சிறிய மைலார் (தெளிவான பாலியெஸ்டர் படலம்) துண்டை நுழையுங்கள். பின்புறக் கால்களை மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்துங்கள், பிறகு முன்புறமிருந்து மெல்லத் தூக்குங்கள். எடுத்தபின் அந்தத் தாள்கள் ஒரே தொகுதி என்பது மறக்காமலிருக்க, மடித்த அமிலமற்ற தாளுக்குள் சேர்த்து வையுங்கள். செல்லோ டேப்பை உரிக்க வேண்டாம். மை கையோடு வந்துவிடும். அதை ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள். கிழிசலை ஒட்டுவதற்காகப் புது டேப் போடுவதும் லேமினேஷன் செய்வதும் திருப்பி எடுக்க முடியாத தவறுகள்.

நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் பழுப்பேறும், அமிலம் அடுத்த தாளுக்கும் பரவும். நல்ல தாளில் எழுதிய கடிதத்தில் நறுக்கின் அளவுக்குச் செவ்வகமாகப் பழுப்புப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நறுக்கை அந்த இடத்திலேயே, இரண்டு பக்கமும் அமிலமற்ற தாள் வைத்துப் பாதுகாத்தால் போதும். எழுத்தாளர் அச்சுப்பிழை திருத்தியோ ஓரத்தில் கோபமாக ஏதாவது எழுதியோ வைத்த நறுக்கு வரைவுக்குச் சமம். கண்டிப்பாக மூலத்தையே வைக்க வேண்டும். குறிப்பில்லாத நறுக்கு பல பிரதி இருந்தால் ஒன்று போதும். ஃபேக்ஸ் தாளுக்கு மட்டும் அவசரம் உண்டு: வெப்பத்தில் எழுத்து மறைந்துகொண்டே போகும், முதல் நாளிலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஒரு தாளை எப்படிப் படிப்பது

பத்திரிகைக்காரர்கள் வெள்ளைத் தாளில் எழுதுவது குறைவு. நியூஸ்பிரிண்ட் வெட்டுத் துண்டு, நாள்காட்டித் தாள், கல்யாணப் பத்திரிகையின் உட்பக்கம், செய்திக்குறிப்பின் முதுகு என்று கைக்கு அகப்பட்டதில் எழுதுவார்கள். ஒரு தாளின் முன்பக்கம் நீல மையில் பத்தியின் இரண்டாம் பக்கம், தேதி இல்லை. மூன்றாவது பாராவின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது, அதில் வேறு வாக்கியம். மேல் மூலையில் சிவப்பு மையில் உதவி ஆசிரியரின் சுழி. கீழே டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) செய்தவரின் டிக். புரட்டினால் ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு, அதில் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் இந்த வரைவு எழுதப்பட்டிருக்க முடியாது. வெற்றுப் பக்கம் போலத் தோன்றினாலும் ஒவ்வொரு தாளின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான். ஒட்டிய துண்டுச் சீட்டுக்கு மூன்று படம் வேண்டும்: மூடி ஒன்று, தூக்கி ஒன்று, சீட்டின் பின்புறம் ஒன்று.

வரைவை அச்சோடு இணைக்கும்போது தலைப்பை நம்பாதீர்கள். பல நேரம் தலைப்பு உதவி ஆசிரியர் வைத்தது. முதல் வரியையும் கடைசி வரியையும் வைத்துத் தேடுங்கள். கடைசி வரி அச்சில் இல்லையென்றால் இடமில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். அதுவே குறிப்பிடத்தக்க செய்தி. பதிப்பும் முக்கியம். தினத்தந்தி 1942-ல் மதுரையில் தொடங்கிய ஏடு. தமிழ் நாளேடுகள் பல ஊர்ப் பதிப்புகளாகப் பெருகிய பிறகு ஒரே பத்தி மதுரைப் பதிப்பில் முழுதாகவும் சென்னைப் பதிப்பில் குறைந்தும் வரலாம். வீட்டில் நறுக்கு இல்லாவிட்டால், 1954-ம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நாளிதழ்களையும் பெறும் சென்னை கன்னிமாரா நூலகத்தில் தேடலாம்.

பட்டியலில் ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

‘ப/3/14. குடிநீர்க் குழாய் பற்றிய பத்தி, கையெழுத்து வரைவு, 4 தாள், 7 பக்கம் எழுத்து. தாள் 2-ன் பின்புறம் செய்திக்குறிப்பு, 12.8.1987. அச்சு: 23.8.1987, மதுரைப் பதிப்பு, பக்கம் 4. தலைப்பு மாறியுள்ளது, கடைசிப் பாரா அச்சில் இல்லை. மூட்டை 4-லிருந்து.’

இங்கே ‘ப’ பத்திகள் என்ற வரிசை, 3 பெட்டி, 14 உறை. எண்ணைத் தாளின் பின்புறம் கீழ் மூலையில் மெல்லிய பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம்.

பெட்டியும் இடமும்

ஓர் உறையில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். பெட்டி 39 × 26 × 13 செ.மீ. அளவில் இருந்தால் ஃபுல்ஸ்கேப் தாளும் மடங்காமல் படுக்கும். சிவகாசியில் அளவு கொடுத்தால் பெட்டி வெட்டித் தர ஆள் உண்டு. ஆனால் சாதாரண மில் போர்டு அமிலம் நிறைந்தது. வாங்குமுன், அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பி.எச். பேனாவால் ஒரு கோடு போடுங்கள்: ஊதாவாக நின்றால் சரி, மஞ்சளாகத் தெரிந்தால் வேண்டாம். நல்ல அட்டை கிடைக்காவிட்டால் உட்புறம் அமிலமற்ற தாள் விரித்து, உறைகளைக் கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் சுற்றி வைப்பது இடைக்கால ஏற்பாடு.

மர அலமாரியைவிட எஃகு பீரோ நல்லது. மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறை வேண்டாம், சித்திரையில் தளம் அடுப்பாகிவிடும். தரைத்தளத்தில் கரையானும் மழைநீரும். மூன்று மாடி இருந்தால் நடு மாடி. அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும், பீரோ சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியும் இருக்கட்டும். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று. 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சை வரும். பகலில் ஏ.சி. போட்டு இரவில் அணைக்கும் அறையைவிட, ஏ.சி.யே இல்லாத, கனத்த சுவருள்ள, காற்றோட்டமான அறை மேல். ஏறி இறங்கும் ஈரம்தான் தாளை அதிகம் களைப்பாக்கும்.

கணினிக் கோப்புகள்

கையெழுத்துக்கு 400 டி.பி.ஐ., வண்ணத்தில், டிஃப் வடிவில் ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 46 எம்.பி. ஆகும், பத்தாயிரம் பக்கம் ஒரு டெராபைட்டில் பாதிக்குள் அடங்கும். படிப்பதற்குத் தனியே பி.டி.எஃப். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்தால் பின்னால் கெட்டதா இல்லையா என்று தெரியும்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு எழுதியவர்களின் ஃப்ளாப்பியும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளும் தனித் தலைவலி. பாமினி, டாம், டாப், டிஸ்கி, ஸ்ரீலிபி என்று ஒவ்வொருவர் ஓர் எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். கோப்போடு அந்த எழுத்துருக் கோப்பையும் பழைய கணினியிலிருந்து எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிரதி தனி. மூலத்தின் மேல் சேமிக்கக் கூடாது. மாற்றும்போது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் அடிக்கடி புரளும்; அச்சான நறுக்கோடு ஒத்துப் பாருங்கள்.

ஒப்படைக்கும்போது

தாள் யாருடையது, எழுத்து யாருடையது என்பவை இரண்டு கேள்விகள். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி, பத்திரிகையில் வேலையில் இருந்தபோது எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகை உரிமையாளருடையது. மற்ற வகைகளில் எழுத்தாளருடையது. அவர் காலமானபின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு. அவருக்கு வந்த கடிதங்களின் தாள் உங்களுடையது, எழுத்துரிமை எழுதியவருடையது. காப்பகத்துக்கு உரிமை கொடுப்பதானால் எழுத்தில் கொடுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

பெயர் வெளியிட வேண்டாம் என்று தகவல் தந்தவர்களின் பெயர் குறிப்பேடுகளில் இருக்கும். அந்த நோட்டுகளைக் கிழிக்காமல் தனி உறையில் மூடி, எந்த ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஸ்கேன் பிரதியும் அதே தடைக்குள் வர வேண்டும்; இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மதுரையில் கல்லூரி நூலகங்கள், 1901-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கம், தமுக்கத்தின் காந்தி நினைவு அருங்காட்சியகம், வெளியே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. எங்கே கேட்டாலும் முதலில் அவர்களுடைய வைப்பறையை நேரில் பாருங்கள். தொகுப்பைப் பிரிக்காமல் ஒன்றாக வைப்பார்களா, யார் பட்டியலிடுவார்கள், எத்தனை நாளில் என்று கேளுங்கள். தமக்கு வேண்டாதவற்றை என்ன செய்வார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்: எடைக்குப் போடாமல் குடும்பத்திடம் திருப்பித் தர வேண்டும், எடுத்துச் செல்ல மூன்று மாத அவகாசம் தர வேண்டும்.