ரோசாவுக்குக் குசினிக் கழிவு: நாங்கள் விடும் பிழைகள்

முதலில் உங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கிறதா? அது கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. வன்னியில் பல கிணறுகள் அப்படித்தான். அந்தத் தண்ணீரைத்தான் முற்றத்து ரோசாவுக்கும் விடுகிறோம். ரோசாவோ இலேசான அமிலத்தன்மையுள்ள மண்ணில், பிஎச் 6 முதல் 6.5 வரையில், நன்றாக வளரும் செடி.

இதை யோசிக்காமல் முட்டைக்கோதை நொறுக்கிப் போடுகிறோம், விறகடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுகிறோம். இரண்டும் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்து, அதை இன்னும் சுண்ணாம்புப் பக்கம் தள்ளும் சாமான்கள். கோதால் பெரிய கெடுதி வராது. எங்கள் மண்ணில் அது கரையவே நெடுநாள் எடுக்கும், பலனும் இல்லை. சாம்பல்தான் வில்லங்கம். மழைக்குச் சட்டென்று கரைந்து வேலையைக் காட்டிவிடும். அப்புறம் பார்த்தால் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், வேரால்தான் அதை எடுக்க முடியாது. பசளை காணாதாக்கும் என்று நினைத்து, நான் இன்னும் இரண்டு சிரட்டை சாம்பல் போட்டேன். அந்தக் கன்று அடுத்த மாரியைக் காணவில்லை.

அடுத்தது, வாழைப்பழத் தோலைப் பச்சையாக வேரடியில் தாட்டுவிடுவது. ஒருமுறை ஒரு கிழமை கழித்துக் கிளறிப் பார்த்தேன். தோல் பாதி கறுத்துக் கிடந்தது. முட்டுக்கு நட்ட தடியில் கறையான் மண்புற்று ஒரு சாண் ஏறியிருந்தது. தோலை ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கும், நைதரசன் அனேகமாக இருக்காது. அதை மட்டும் நம்பியிருந்தால் செடி நோஞ்சானாகத்தான் நிற்கும்.

தேயிலைச் சக்கையில் சீனியோ பால்மாவோ கலந்திருந்தால் எறும்பு வரும், எறும்பு வந்தால் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். கழுவிய சக்கையைக்கூடத் தடிப்பாகப் பரப்பினால் காய்ந்து தட்டாகி, விடுகிற தண்ணீர் மேலாலேயே ஓடிவிடும். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. உப்புப் போட்டு வடித்த கஞ்சி, மிஞ்சின கறி, இரண்டும் வேண்டாம். மீன் குடலைத் தாட்டால் இரவோடு இரவாக நாய் கன்றையும் சேர்த்துக் கிளப்பிவிடும்.

சரி, இதையெல்லாம் என்ன செய்வது? மர நிழலில் கூட்டெருவாக்குங்கள். ஒரு பங்கு மரக்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. கிடைத்தால் கிளிசிரிடியா இலையையும் வெட்டிப் போடலாம். மாரியில் மூடிவையுங்கள், கோடையில் தண்ணீர் தெளியுங்கள், கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து உதிரியாகும். தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி, கன்றுக்கு இரண்டு கை போதும். கிளறும்போது வாழைப்பழத் தோல் இன்னும் தோலாகவே தெரிந்தால், அது தயாரில்லை, திரும்ப மூடிவிடுங்கள்.